காசிமேட்டிலிருந்து சின்னப்பம்பட்டிக்கு: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து வந்து சேர்ந்து, ஒரு வேனைப் பிடித்து, யார்க்கர் நடராஜனின் ஊரைப் பார்த்துவிட்டு வருகிற வழக்கம் எங்கள் கூட்டாளிகளுக்கு உண்டு. பேச்சு எடுத்தாலே அதே கேள்விகள் டீக்கடையில் வந்து விழுகின்றன. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். படிக்காமல் வந்து கேட்பவருக்கு வேனில் கடைசி சீட்.

நடராஜன் யார் என்று வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வது?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். இடது கை வேகப்பந்து வீச்சாளர். அப்பா நெசவுத் தறியில் கூலி வேலை பார்த்தவர். அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். 2020 கடைசியில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, வலைப் பயிற்சியில் பந்து போடுவதற்காகக் கூட அழைத்துப் போனார்கள். அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட்டு ஒதுங்க, டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4ஆம் தேதி அதே ஊரில் இருபது ஓவர் போட்டி, 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் ஆடிவிட்டார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிரிஸ்பேன் முதல் இன்னிங்ஸில் 78 ரன் கொடுத்து 3 விக்கெட். சதம் அடித்து நின்ற லபுஷேனை அனுப்பி வைத்ததும் அவர்தான்.

மாமியாருக்கு இவ்வளவு புள்ளிவிவரம் வேண்டாம். ஐபிஎல் முடிந்த கையோடு, அப்போதுதான் பிறந்திருந்த மகளைக்கூடப் பார்க்காமல், அமீரகத்திலிருந்து நேரே ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் என்று சொல்லுங்கள். வழிக்குச் சாப்பாடே கட்டிக் கொடுப்பார்.

சேப்பாக்கம் இங்கேதானே இருக்கிறது? அவர் அங்கே விளையாட வரும்போது பார்த்துக்கொண்டால் ஆகாதா?

தாராளமாகப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து ரயில் பிடித்தால் அரை மணி நேரத்தில் சேப்பாக்கம். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற ஆளை. அந்த ஆள் எந்த மண்ணில் செருப்பில்லாமல் ஓடிப் பழகியிருப்பார், அங்கிருந்து நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மாற வேண்டும் என்பதெல்லாம் டிக்கெட்டில் அச்சடிக்கப்பட்டிருக்காது. எங்களுக்கு அந்தத் தூரத்தைப் பார்க்கத்தான் ஆசை.

அத்தனை ஆட்டக்காரர்கள் இருக்கும்போது வடசென்னைக்காரர்களுக்கு இவர் மேல் ஏன் இவ்வளவு பிரியம்?

டென்னிஸ் பந்து. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இருபது வயதுவரை நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். தையல் போட்ட தோல் பந்து அவர் கைக்கு வந்தது அதற்குப் பிறகே. நம் பக்கத்துப் பையன்களுக்கும் அதே கதை. மாநகராட்சி மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு மேட்ச் நடக்கும். ஒரு மேட்ச்சின் ஸ்லிப்பில் நிற்பவர் இன்னொரு மேட்ச்சுக்கு லாங் ஆன். அடித்தால் பந்து கருவாடு காயப் போட்ட பாயில் விழும்.

டென்னிஸ் பந்தில் வீசிப் பார்த்தவர்களுக்கு யார்க்கரின் அருமை தெரியும். அந்தப் பந்துக்குத் தையல் கிடையாது, காற்றில் பெரிதாக வளையாது, தரையில் குத்தினால் இடுப்புக்கு மேல் எழும்பும். ஆட்டமோ ஆறு ஓவர், எட்டு ஓவர். மைதானம் சிறியது. சும்மா அளவாகக் குத்திய பந்தை எவனும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான். மட்டையாளரின் கால் விரலுக்கு நேராக, ஸ்டம்பின் அடியில் போய் விழுகிற பந்தை, அதாவது யார்க்கரை, மட்டும்தான் மட்டைக்கு அடியில் வாங்கித் தூக்க முடியாது. நாலு விரல்கடை முன்னால் விழுந்தால் அரை வாலி, விழாமலே போனால் புல்டாஸ், இரண்டும் சிக்ஸர். பிழைக்க வேண்டுமானால் அந்த ஒரு இடத்தை ஓவருக்கு ஆறு முறை தொட வேண்டும். சின்னப்பம்பட்டியில் அதைத் தொட்டுப் பழகிய கை, 2020 ஐபிஎல் எலிமினேட்டரில் ஹைதராபாத் அணிக்காக ஆடி, 56 ரன்னில் நின்றுகொண்டிருந்த டிவில்லியர்ஸின் ஸ்டம்பைத் தொட்டது. அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் ஹைதராபாத் ரசிகர் இல்லை. இருந்தும் சத்தம் கேட்டு நாய்கள் ஓடின.

அவருக்கும் சென்னைக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஊரில் அவருடைய பந்துவீச்சைக் கண்டுபிடித்து ஊக்கம் கொடுத்த அண்ணன் ஒருவர் உண்டு. அவருடைய பெயரின் முதல் எழுத்துகளைத்தான் 'ஜே.பி. நட்டு' என்று ஜெர்சியின் முதுகில் போட்டுக்கொண்டார். அந்த அண்ணன் தூண்டித்தான் சென்னைக்கு வந்து லீக் ஆட்டத்தில், அதுவும் நாலாவது டிவிஷனிலிருந்து, தொடங்கினார். படிப்படியாக ஏறி ஜாலி ரோவர்ஸ் அணிவரை போனார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டம். அந்த முதல் ஆட்டத்திலேயே பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. பாதிப் பேர் அத்தோடு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். இவர் கையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்து, 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்கு ஆடி, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணிக்கு 3 கோடி ரூபாய்க்குப் போனார். அடிப்படை விலை 10 லட்சம்தான்.

போனால் அவரைப் பார்க்க முடியுமா?

முடியாது என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

இதில்தான் வருடா வருடம் சண்டை.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் விசைப்படகில் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்; வலையைத் தைத்து, எஞ்சினைப் பிரித்து மாட்டிய நேரம் போக ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வருடத்தில் அவர்களால் கவலையில்லாமல் வெளியூர் போக முடிகிற காலம் அதுதான். ஆனால் ஐபிஎல் நடப்பதும் அப்போதுதான். அதாவது, நாம் அவர் ஊரில் இருக்கும்போது அவர் டெல்லியிலோ மும்பையிலோ பந்து போட்டுக்கொண்டிருப்பார். ஐபிஎல் முடிந்த கொஞ்ச நாளில் தமிழ்நாடு பிரிமியர் லீக் வந்துவிடும்.

"அப்படியானால் எதற்குப் போவது?" என்று கேட்பவர்கள் மேலே சேப்பாக்கம் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு முறை படிக்கவும்.

என் வாக்கு மே கடைசி வாரத்துக்கு. வெயில் மண்டையைப் பிளக்கும். சேலத்து வெயிலில் நம் கடற்காற்றின் அருமை தெரியும். ஆனால் மாம்பழ காலம். கிருஷ்ணகிரி தாண்டியதும் சாலையோரம் முழுக்கக் கூடை கூடையாக வைத்திருப்பார்கள். சனிக்கிழமை போனால் பக்கத்துக் கொங்கணாபுரத்தில் ஆட்டுச் சந்தையும் பார்க்கலாம்.

வண்டி எது?

2021இல் ஆனந்த் மகிந்திரா நடராஜனுக்கு ஒரு தார் ஜீப்பைப் பரிசாக அனுப்பினார். நடராஜன் பதிலுக்குத் தாம் பிரிஸ்பேன் காபா மைதானத்து டெஸ்டில் போட்ட சட்டையில் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிவைத்தார். நமக்கு அப்படி யாரும் அனுப்பவில்லை. வாடகை வேன்தான்.

மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வண்டியாகப் பாருங்கள். தெரிந்தவரின் சொந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. வழியில் சோதனை போட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். டிரைவருக்குக் கிரிக்கெட் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தூக்கம் வராமல் இருந்தால் போதும்.

எந்த வழியாகப் போவது?

ராயபுரம் பக்கத்து ஆட்கள் மூலக்கொத்தளம், புரசைவாக்கம் வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து, மதுரவாயல் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகலாம். திருவொற்றியூர், மணலி ஆட்கள் ஊருக்குள் வர வேண்டாம். மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறி நசரேத்பேட்டையில் இறங்கினால் அதே நெடுஞ்சாலை. எப்படியானாலும் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். விடிந்த பிறகு கிளம்பினால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கிற கண்டெய்னர் லாரிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே பாதி நாள் போய்விடும்.

பிறகு வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. வாலாஜாபேட்டை வரும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து ஒரு தகவல் சொல்வார்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்து, வந்து சேர்ந்தது இந்த வாலாஜா ரோட்டுக்கு. உண்மைதான். ஆனால் அதை அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பிச் சொல்வார்.

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையை விட்டுத் தெற்கே திரும்ப வேண்டும். பேச்சு மும்முரத்தில் இதைத் தவறவிட்டால் அடுத்தது ஓசூர். தர்மபுரிக்குப் பிறகு தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிப் போகும்போது இறக்கம், கனரக லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழக்கிற இடம், விபத்துக்குப் பெயர்போனது. அங்கே பாட்டை நிறுத்திவிடுங்கள், டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கணவாய் கடந்து ஓமலூர் வந்தவுடன் மேற்கே திரும்பித் தாரமங்கலம் வழியாகப் போனால் சின்னப்பம்பட்டி. சேலம் நகருக்குள் நுழையவே தேவையில்லை. மொத்தம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர். சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

எனக்கு வேன் ஒத்துக்கொள்ளாது. ரயிலில் வரலாமா?

வரலாம். இரவு சென்ட்ரலிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியுமுன் சேலம். அங்கிருந்து ஊர் 35 கிலோமீட்டர். பஸ்ஸில் தாரமங்கலம் போய் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தே பஸ் என்றால் பெரும்பாலானவை கிளாம்பாக்கத்திலிருந்து. தண்டையார்பேட்டைக்காரர் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே தனிப் பயணம், அதற்கு இன்னொரு கேள்வி-பதில் எழுத வேண்டும்.

சாப்பாடு?

போகும்போது ஆம்பூரை ஆறரை மணி வாக்கில் கடப்போம். இட்லி சாப்பிடுங்கள். "ஆம்பூர் வந்துவிட்டு இட்லியா?" என்று ஒரு குரல் எழும். பிரியாணி திரும்பி வரும்போது, இரவில்.

அந்த இரவுச் சாப்பாட்டில் நடக்கிற வாக்குவாதத்துக்கும் தயாராக வாருங்கள். ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். நம் பக்கத்துப் பாய் வீட்டுக் கல்யாணப் பிரியாணி விறகு அடுப்பில் தம் போட்டது, ஓரமாகப் பிரெட் அல்வா. ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டே வண்ணாரப்பேட்டை பிரியாணிதான் உசத்தி என்று உரக்கச் சொல்கிற துணிச்சல் எங்களில் சிலருக்கு உண்டு. சொல்லலாம், தப்பில்லை. பில் கொடுத்த பிறகு சொல்லுங்கள்.

அவர் வீட்டுக்குக் கருவாடு எடுத்துக்கொண்டு போகலாமா?

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வஞ்சிரக் கருவாட்டோடு வருகிறார். அன்பு புரிகிறது. ஆனால் மே மாத வெயிலில், ஏசி பாதி வேலை செய்கிற வேனில், எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். நாளிதழில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் துணிப்பை என்று மூன்று சுற்றுச் சுற்றினாலும் வேலூர் தாண்டும்போது வாசனை முன் சீட்டுக்கு வந்துவிடும். தவிர, யாரிடம் கொடுப்பீர்கள்?

ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நல்ல டென்னிஸ் பந்துகளை டஜன் கணக்கில் வாங்கிப் போங்கள். மைதானத்துக்கு வெளியே விளையாடுகிற சிறுவர்களிடம் கொடுக்கலாம். பெட்டியைப் பிரித்தவுடன் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். வரலாமா? வேனில் கேலி செய்வார்களா?

வேனில் இருக்கிற எல்லோருமே மஞ்சள்தான். நடராஜன் பஞ்சாப்புக்கு ஆடினார், ஹைதராபாத்துக்கு ஆடினார், 2025 பருவத்துக்கு டெல்லி அணி 10.75 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது. சென்னை எடுக்கவில்லை. அந்த ஆற்றாமையை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காவேரிப்பாக்கம் வரை பேசித் தீர்க்கிறோம். நீங்களும் பேசலாம்.

ஊரில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்; அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ஒரு சாலை, கடைகள், பஸ் நிறுத்தம், வீடுகளுக்குள்ளிருந்து தறி ஓடுகிற சத்தம். நம் ஊரில் அலைச் சத்தம் காதுக்குப் பழகிவிடுகிற மாதிரி அங்கே அந்தத் தறிச் சத்தம். ஊர்க்காரர்களுக்குக் கேட்பதே இல்லை, வெளியூர்க்காரர்களுக்குத்தான் கேட்கிறது.

பார்க்க வேண்டியது மைதானம். சொந்த ஊரில் நடராஜன் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை 2023 ஜூன் 23ஆம் தேதி தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். ஆடுகளங்கள், பயிற்சிக் களங்கள், உடற்பயிற்சிக் கூடம், பார்வையாளருக்கு ஒரு சிறிய மாடம் எல்லாம் உண்டு. ஆஸ்திரேலியா போவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊரில் பயிற்சி மையம் தொடங்கிவிட்டார் என்பதையும் கவனியுங்கள். அதே ஊர்ப் பையன் பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரிமியர் லீக் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணிக்கு 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒரு கிராமத்திலிருந்து ஒரு ஆள் வருவது அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது ஆளும் வந்தால் அதற்குப் பெயர் வேறு. எங்கள் பேட்டைப் பயிற்சியாளர்கள் அந்த மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இன்னொன்று, அந்தச் சாலை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனிலிருந்து திரும்பியவரை சாரட் வண்டியில் உட்கார வைத்து, மேளம் முழங்க ஊர்வலமாகக் கூட்டிப்போன சாலை. தொலைக்காட்சியில் பார்த்தபோது அகலமாகத் தெரிந்தது. நேரில் பார்த்தால் அவ்வளவு கூட்டம் அதற்குள் எப்படி நின்றது என்று புரியவில்லை.

வீடு எது என்று விசாரிக்கலாமா? வாசலில் நின்று ஒரு போட்டோ மட்டும்?

கூடாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், வருடத்துக்கு ஒருவராவது இதில் அடம் பிடிக்கிறார்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுநர். நாளைக் காலை ஏழு மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு வேன் வந்து அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் நிற்கிறது என்று வையுங்கள். இருபது பேர் இறங்குகிறார்கள். கையில் கொடி, வாயில் விசில். பின்னால் தண்ணீர் லாரி வந்து நுழைய முடியாமல் ஹாரன் அடிக்கிறது; குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் என்ன வார்த்தை சொல்வார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், நான் இங்கே எழுத முடியாது. உலக சாம்பியனைப் பார்க்க வந்தோம் என்று நீங்கள் சொன்னால் அந்த வார்த்தைகள் குறையுமா?

சின்னப்பம்பட்டியிலும் தண்ணீர் பிடிக்கிற நேரம் இருக்கிறது. போட்டோ வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்ப்பலகை இருக்கிறது. சாலையின் ஓரத்தில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் ஊர்க்காரர்களே பேச்சுக் கொடுப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டவுடன் மீன் விலை விசாரிப்பார்கள். அதற்குச் சரியான பதில் தெரிந்தவரைக் கூட்டத்தின் முன்னால் உட்கார வையுங்கள்.

அங்கே போய் ஒரு மேட்ச் போடலாமா?

மைதானம் பயிற்சி நடக்கிற இடம். அனுமதி கேளுங்கள், முடியாது என்றால் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வெளியே பொட்டல் கிடைத்து, உள்ளூர்ப் பையன்களும் தயார் என்றால் ஆறு ஓவர் டென்னிஸ் பந்து மேட்ச் போடலாம். விதிகளை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நம் சந்து விதிகள், சுவரைத் தாண்டி விழுந்தால் அவுட், ஒரு குத்துக் குத்திய கேட்சும் அவுட் என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகாது. அங்கே சுவரே கிடையாது.

தோற்பீர்கள். இடது கையால் போடுகிற பொடியன்கள் அந்த ஊரில் அதிகம்.

அப்பாவை அழைத்து வரலாமா? அவருக்கு வெங்கட்ராகவன் காலத்துக்குப் பிறகு கிரிக்கெட்டே கிடையாது.

அழைத்து வாருங்கள். 1986 சேப்பாக்கம் டெஸ்ட் சமனில் முடிந்த கதையை வேலூர் வரை சொல்வார். இடையில் தூங்கிவிட்டால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். முன் சீட் அவருக்கு.

பெண்கள் வரலாமா?

என்ன கேள்வி இது? வருகிறார்கள், எங்களைவிட நன்றாகக் கணக்கு வைக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் ஒரு வழக்கத்தை மாற்றினோம்: டீக்கடை எங்கே இருக்கிறது என்று பார்த்து வண்டியை நிறுத்துவதில்லை, சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து நிறுத்துகிறோம். டீ அங்கேயும் கிடைக்கிறது.

பேனர், ஸ்பீக்கர், பட்டாசு?

வேனின் முன்னால் ஒரு துணிப் பேனர் கட்டலாம். டிரைவரின் கண்ணாடியை மறைக்காமல். ஸ்பீக்கர் தாரமங்கலத்தோடு அணைக்கப்படும். பட்டாசு கிடையாது.

வழியில் வேறு விளையாட்டு வீரர் ஊர் ஏதாவது வருமா?

வரும், பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். தொப்பூர் இறங்கி ஓமலூர் போகிற வட்டாரத்தில்தான் பெரியவடகம்பட்டி. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். சின்ன வயதில் பள்ளிக்குப் போகிற வழியில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் மூன்று நிறப் பதக்கமும் வாங்கியவர் இந்தப் பக்கத்து ஆள்தான். நடராஜன் ஊருக்கு வேன் போகிறது, மாரியப்பன் ஊருக்கு ஏன் போவதில்லை என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு பெண் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதிலிருந்து நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி அந்த ஊர் டீக்கடையிலும் ஒரு டீ குடிக்கிறோம்.

தாரமங்கலம் கோயிலுக்கு நேரம் இருக்குமா?

நேரம் ஒதுக்குங்கள், சாமி கும்பிடாதவர்களும்கூட. இந்த வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். ராஜகோபுரத்தின் அடிப்பகுதியை யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கல் சிங்கம். அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும், பல்லிடுக்கில் இடிக்கும், வெளியே மட்டும் வராது. வெளியிலிருந்து உள்ளே வைத்ததில்லை. அதே கல்லில் அப்படியே குடைந்தது.

அப்புறம் வாலி வதம் தூண். ராமர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார்; வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் ராமர் தெரியமாட்டார். அங்கே நின்று எங்கள் விக்கெட் கீப்பர் சொன்னது: "டிவில்லியர்ஸுக்கும் இப்படித்தான் தெரியாமல் போயிருக்கும்." அர்ச்சகரும் சிரித்துவிட்டார்.

பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்துவார்கள். ஆகவே முதலில் கோயில், பிறகு ஊர்.

திரும்பி வர வேறு வழி உண்டா?

சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக வரலாம். அந்த வழியில் வாழப்பாடி பக்கம் 2020இல் ராகுல் டிராவிட் வந்திருந்த விழாவில் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் இருக்கிறது. சேலத்தில் தட்டுவடை செட்டும் சாப்பிடலாம்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை நாசம். ஆனால் இந்த வழியில் வந்தால் ஆம்பூர் கிடையாது. ஓட்டெடுப்பு வைத்தால் ஒவ்வொரு முறையும் பிரியாணிதான் ஜெயிக்கிறது.

செலவு எப்படி?

வேன் வாடகை, டீசல், சுங்கம், டிரைவர் படி எல்லாவற்றையும் கூட்டித் தலைக்குச் சமமாகப் பிரிக்கிறோம். தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிற அக்கா ஒருவரிடம் பொங்கலிலிருந்தே வாராவாரம் கொஞ்சம் கட்டிவிடுகிறோம். படகுக்குப் போகிறவர்களுக்குத் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சொந்தச் சாப்பாடு, மாம்பழம் அவரவர் பாடு. கட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் வராதவருக்குப் பணம் திரும்பாது. மாம்பழம் வேண்டுமானால் இரண்டு கொண்டு வந்து கொடுப்போம்.

அடுத்து எந்த ஊர்?

ஒரு கட்சி ராஞ்சி என்கிறது. தோனி ஊர். ரயிலிலேயே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், விடுப்பு யார் கொடுப்பார்கள் என்று இன்னொரு கட்சி. ஹாக்கிக்குப் பெயர்போன கோவில்பட்டிக்குப் போகலாம் என்பது என் யோசனை. கடலை மிட்டாய் கிடைக்கும் என்று சொன்னதில் நாலு பேர் என் பக்கம் வந்திருக்கிறார்கள். காசிமேட்டு ஆட்கள் மட்டும் இன்னும் பேசவில்லை. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போயிருக்கிறார்கள், கரைக்கு வந்ததும் கேட்க வேண்டும்.